ரூட்டரில் செருக எந்த யூஎஸ்பி? யாங்கோன் வீடொன்றில் ஓராண்டு அனுபவம்

மியான்மரின் யாங்கோன் நகர மையத்தில் மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை. நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. கீழே நிற்பவர் பொருளைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றைச் சுண்டினால், ஆறு மாடி இறங்கி ஏறாமலேயே அதை மேலே இழுத்துக்கொள்ளலாம். சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு பென் டிரைவ் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தது. உறையில் 512 ஜிபி என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். விலையோ, பார்த்தவுடனேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய அளவுக்குக் குறைவு. அதை வீட்டு ரூட்டரின் யூஎஸ்பி துளையில் செருகி, குடும்பப் படங்களையும் திருமண வீடியோக்களையும் அம்மா கேட்கும் தேவாரப் பாடல்களையும் அதில் போட்டு வைத்தால், தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வீட்டிலுள்ள எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் திட்டமாக இருந்தது. இணையம் நன்றாக வருகிற நேரத்தில் வேண்டியதை இறக்கி வைத்துக்கொண்டு, வராத நேரத்தில் அதை வைத்துச் சமாளிக்க வேண்டிய ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். ஆனால் அந்தப் பென் டிரைவ் முதல் 16 ஜிபிக்கு அப்பால் ஒரு படத்தைக்கூட ஒழுங்காகத் திருப்பித் தரவில்லை. அதற்குப் பிறகு, வேறு மூன்று கருவிகளை அதே துளையில் மாறி மாறிச் செருகி ஓராண்டு பார்த்துவிட்டேன். அந்த அனுபவமே இந்த மதிப்புரை.

முதலில் ரூட்டரைப் பற்றி. என்னிடம் இருப்பது டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7, இரண்டாம் பதிப்பு. 720 மெகாஹெர்ட்ஸ் செயலி, 128 எம்பி நினைவகம், இரண்டு யூஎஸ்பி 2.0 துளைகள் கொண்ட பழைய கருவி. இரண்டாம் கையாக வாங்கி, அதில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற ஃபர்ம்வேரை (ரூட்டரை இயக்கும் மென்பொருளை) ஏற்றியிருக்கிறேன். லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருக்காக 2004இல் தொடங்கிய திட்டம் அது; பெயரும் அங்கிருந்து வந்ததுதான். புதிய ரூட்டர்களோடு ஒப்பிட்டால் என்னுடையது கிழவன். யூஎஸ்பி 2.0 காகிதக் கணக்கில் நொடிக்கு 480 மெகாபிட் என்றாலும், நடைமுறையில் நொடிக்கு முப்பது, நாற்பது மெகாபைட்டுக்கு மேல் தராது; அதற்கும் முன்பே இந்தச் செயலி மூச்சு வாங்கிவிடுகிறது. ஆகவே கடைக்காரர் ‘வேகமானது, வேகமானது’ என்று எதை எடுத்துக் காட்டினாலும் இத்தகைய ரூட்டரில் அந்த வேகம் பெரும்பாலும் உறையிலேயே தங்கிவிடும். நான் பார்க்க வேண்டியிருந்தது வேறொன்று: மின்சாரம் போகும் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்பது.

எங்கள் ஊரில் மின்சாரம் முறை வைத்து வருகிறது. முறை தவறியும் போகிறது. மீண்டும் வரும்போது தெரு முழுவதும் பிள்ளைகள் ‘மீ லா பீ’ என்று கூவுவார்கள். விளக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்தக் கூச்சல் மகிழ்ச்சிக்குரியதுதான், ஆனால் ரூட்டரில் தொங்கும் சேமிப்புக் கருவிக்கு ஒவ்வொரு ‘மீ லா பீ’யும் அதற்கு முன் ஓர் எதிர்பாராத மரணம் நிகழ்ந்ததற்கான அறிவிப்பு. கணினியை முறையாக அணைக்கும்போது நிகழும் எழுதி முடித்தல், மூடுதல் ஆகிய எதுவும் இங்கே நடப்பதில்லை. இந்த நிலையில் எந்தக் கருவியை வாங்குவது என்பதைக் காட்டிலும், அதை எந்தக் கோப்பு முறைமையில், அதாவது கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் எந்த முறையில், ஃபார்மட் செய்வது என்பதுதான் முதல் கேள்வி என்று நான் கருதுகிறேன்.

கடையில் வாங்கும் பென் டிரைவ் அநேகமாக ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறைமையில்தான் வரும். ஃபேட்32 விண்டோஸ் 95இன் ஒரு திருத்தப் பதிப்போடு 1996இல் வந்தது. தொலைக்காட்சி, கார் ஸ்டீரியோ, கேமரா என்று எதில் செருகினாலும் படிக்கப்படும் என்பது அதன் பெருமை. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அதில் வைக்க முடியாது என்பது பலரும் அறிந்த குறை. என் தங்கையின் திருமண வீடியோ ஒரே கோப்பாக 7 ஜிபி இருந்ததால் அந்தச் சுவரில் நானும் முட்டிக்கொண்டேன். ஆனால் அதைவிடப் பெரிய குறை, எந்தக் கோப்பு எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்து வைக்கும் அட்டவணையை அது நேரடியாக அடித்துத் திருத்துவதுதான். அட்டவணைக்கு இரண்டு பிரதிகள் வைத்திருக்கும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும். நடுவே மின்சாரம் போனால் எது சரி என்று சொல்ல அதனிடம் சாட்சி இல்லை. எக்ஸ்ஃபேட் 2006இல் வந்தது. 4 ஜிபி தடை அதில் இல்லை என்றாலும், வழக்கமாக ஒரே அட்டவணைதான் வைத்திருக்கிறது. இந்த விஷயத்தில் தம்பி அண்ணனைவிட ஒரு படி கீழே என்றுதான் சொல்ல வேண்டும். தவிர, மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை 2019 ஆகஸ்டில் வெளியிட்ட பிறகே, ரூட்டர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்குள் (அடிப்படைப் பகுதிக்குள்) அது வந்தது. அதைப் படிக்கவும் எழுதவும் உதவும் முழுமையான இயக்கி 2020இல் 5.7 பதிப்பில் சேர்ந்தது. ரூட்டர்களில் பெரும்பாலும் ஓடுவது அதைவிடப் பழைய லினக்ஸ் கரு என்பதால், தயாரிப்பாளர் தனியாக உரிமம் வாங்கிச் சேர்த்திருந்தால் ஒழிய, எக்ஸ்ஃபேட் பென் டிரைவைச் செருகியும் ரூட்டர் வாய் திறக்காமல் இருப்பதில் வியப்பில்லை.

இதற்கு மாறாக, விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 ஆகிய இரண்டும் ஜர்னல் வைத்திருக்கும் முறைமைகள். ஜர்னல் என்றால் என்ன என்று என் மைத்துனர் கேட்டபோது, ஷ்வே பொந்தா தெருவைக் காட்டிச் சொன்னேன். பெரியவர்கள் இன்னும் முகல் தெரு என்றே அழைக்கும் அந்தத் தெருவில் ஒரு காலத்தில் நகரத்தார் கடைகள் வரிசையாக இருந்தன. கொடுக்கல் வாங்கல் நடந்த உடனே சிட்டையில் எழுதுவார்கள். பிறகு நிதானமாகப் பேரேட்டில் பதிவார்கள். பேரேட்டில் பதிந்துகொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிட்டால், மறுநாள் சிட்டையைப் பிரித்து எது பதிவானது, எது ஆகவில்லை என்று பார்த்துக் கணக்கை நேர் செய்துவிடலாம். ஜர்னல் அந்தச் சிட்டை. ஃபேட்32 சிட்டையே இல்லாமல் நேரே பேரேட்டில் எழுதும் கடை. எக்ஸ்ட்4 வழக்கமான அமைப்பில் 5 நொடிக்கு ஒருமுறை சிட்டையை முடித்துக்கொள்கிறது; மின்சாரம் வந்து ரூட்டர் மீண்டும் எழும்போது சிட்டையைப் படித்துச் சரிசெய்துகொள்ள அதற்குச் சில நொடிகளே ஆகின்றன. இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: ஜர்னல் காப்பாற்றுவது கோப்புகளின் அமைப்பை மட்டுமே. மின்சாரம் போன கணத்தில் பாதி நகலாகிக்கொண்டிருந்த வீடியோ பாதியாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஐந்தாண்டுப் படங்கள் அதனோடு சேர்ந்து காணாமல் போகா.

இனிக் கருவிகள். மலிவாக வந்த அந்த 512 ஜிபி பென் டிரைவ் போலி என்பது இப்போது தெரிந்த கதைதான். ஆயினும் அது ஏமாற்றும் முறையைச் சொல்வது பயனுள்ளது. உள்ளே 16 ஜிபி மட்டுமே உள்ள சில்லை வைத்து, ‘நான் 512 ஜிபி’ என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றியிருக்கிறார்கள். நகல் எடுக்கும்போது பிழையே வராது. கோப்புகளின் பெயர்களும் அளவுகளும் சரியாகவே தெரியும். 16 ஜிபி நிரம்பியதும் புதிதாக எழுதுவது எங்கோ காற்றில் போகும், அல்லது பழையதன் மேலேயே எழுதப்படும். திறந்து பார்க்கும் நாள் வரை இது தெரியாது என்பதுதான் கொடுமை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஆகிய இலவசக் கருவிகள் முழுக் கொள்ளளவையும் எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் நொடிக்கு 10 எம்பி எழுதும் பென் டிரைவில் 512 ஜிபியை நிரப்ப மட்டுமே பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எங்கள் ஊரில் அவ்வளவு நேரம் தொடர்ந்து மின்சாரத்தைக் காண்பது அரிது. எஃப்3 தொகுப்பிலேயே உள்ள எஃப்3புரோப் என்ற சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதைத்தான் நான் ஓட்டினேன், ஆனால் அதற்குள் தங்கையின் திருமணப் படங்களில் பாதியை நகல் எடுத்து முடித்திருந்தேன். மூலப்படங்கள் மடிக்கணினியிலேயே இருந்ததால் தப்பித்தேன். விற்றவரைத் தேடிப் போனேன். அவர் நடைபாதையில் அந்த இடத்தில் இல்லை.

இரண்டாவது, ஒரு நல்ல கடையில், பெயர் பெற்ற நிறுவனத்தினுடையது என்று பார்த்து வாங்கிய 64 ஜிபி பென் டிரைவ். அந்தக் கடைக்காரர் தமிழர், என்னைவிட மூத்தவர். ‘அண்ணே, இங்கேயே சோதிச்சுப் பார்த்துட்டு எடுத்துக்கலாமா?’ என்று கேட்டபோது, முகம் சுளிக்காமல் மடிக்கணினிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். ‘பார்த்துட்டே எடுங்க தம்பி, எனக்கும் அதான் நல்லது’ என்றார். அவரிடம் இன்றும் வாங்குகிறேன். பென் டிரைவ் உண்மையானதுதான். முதல் நான்கு மாதங்கள் ஃபேட்32இலேயே வைத்திருந்தேன். மின்வெட்டுக்குப் பிறகு ரூட்டரின் பதிவேட்டைப் பார்த்தால், இந்தத் தொகுதி முறையாகக் கழற்றப்படவில்லை, சில தரவுகள் சிதைந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் இருந்தது. நான்காம் மாதம் ஒரு மாலையில் முழு அடைவும் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறிவிட்டது. பாடல்கள் ஓடின, ஆனால் புதிதாக எதையும் சேர்க்க முடியவில்லை. மடிக்கணினியில் வைத்துச் சரிசெய்தபோது, பெயரிழந்த துண்டுக் கோப்புகள் எண்கள் இடப்பட்டு வரிசையாக வந்து நின்றன. அவற்றுள் எது எந்தப் பாடல் என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அம்மா சலிக்காமல் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டு, முதலடியிலேயே பதிகத்தைச் சொன்னார். அந்த வேலையில் எந்த மென்பொருளும் அவருக்கு ஈடாகாது.

அதே பென் டிரைவை எக்ஸ்ட்4இல் ஃபார்மட் செய்த பிறகு அந்தத் தொல்லை நின்றது. ஆனால் பென் டிரைவின் வேறு இரண்டு குணங்களை எந்தக் கோப்பு முறைமையும் மாற்றிவிடாது. ஒன்று சூடு, எப்போதும் செருகியே இருக்கும்போது, சித்திரை மாத வெயிலில், கூரையருகே மாட்டிய ரூட்டரில் அது விரலால் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டது. மற்றொன்று தேய்மானம்: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் சில் தேயும். பென் டிரைவின் கட்டுப்பாட்டுச் சில் எழுதும் தரவைச் சேமிப்புச் சில்லு முழுவதும் சமமாகப் பரப்புவதில், கணினிகளில் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் சில்லு வகைச் சேமிப்பான எஸ்எஸ்டி அளவுக்குத் திறமை உள்ளதல்ல. தன் உடல்நிலையைச் சொல்லும் வசதியும் பெரும்பாலானவற்றில் இல்லை. எனவே பாடல் கேட்க, படம் பார்க்க என்று படிப்பதே முதன்மையாக இருக்கும் வீட்டுக்கு 64 ஜிபி பென் டிரைவும் எக்ஸ்ட்4உம் போதும். கண்காணிப்புக் கேமராப் பதிவையோ டோரன்ட் இறக்கத்தையோ ரூட்டரின் சொந்தப் பதிவேடுகளையோ அதில் எழுத விடக் கூடாது.

மூன்றாவது, 1 டிபி கொள்ளளவுள்ள 2.5 அங்குலப் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க். கொள்ளளவைப் பார்த்தால் இதுவே மலிவு. ஆனால் ரூட்டரில் செருகிய முதல் நாள் ‘டிக், டிக்’ என்று மெல்லிய ஒலி வந்துகொண்டே இருந்ததே தவிர, கருவி தெரியவில்லை. காரணம் எளியது. யூஎஸ்பி 2.0 துளை தரநிலைப்படி தர வேண்டியது 500 மில்லிஆம்பியர்தான். 5 வோல்ட்டில் அது இரண்டரை வாட். ஹார்ட் டிஸ்கின் தட்டு நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் ஓரிரு நொடிகளுக்கு அதைவிட மிகுதியாகக் கேட்கும். மின்சாரம் போதாமல் தட்டு எழ முயன்று விழுந்து, மீண்டும் எழ முயல்வதன் ஒலிதான் அந்த ‘டிக்’. யூஎஸ்பி 3.0 துளையானால் 900 மில்லிஆம்பியர் கிடைக்கும். பெரும்பாலான சிறிய டிஸ்குகளுக்கு அது போதுமானது.

தனி மின்னூட்டம் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை இடையில் வைத்துப் பார்த்தேன், டிஸ்க் சுழன்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்த வேளையில்தான் இந்தச் சோதனையிலேயே மோசமான சேதம் நேர்ந்தது. ரூட்டருக்கு நான், மின்வெட்டின்போது மின்கலத்திலிருந்து மின்சாரம் தரும் ஒரு சிறிய 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்திருக்கிறேன். ஹப்பின் அடாப்டரோ சுவரில் செருகப்பட்டிருந்தது. மின்சாரம் போனதும் ரூட்டர் உயிரோடு இருக்க, ஹப்பும் டிஸ்கும் மட்டும் இறந்தன. எழுதிக்கொண்டிருந்த ரூட்டருக்கு எதிரே இருந்த கருவி திடீரென்று இல்லாமல் போய்விட்டது. மின்சாரம் வந்து டிஸ்க் மீண்டும் தெரிந்தபோது வேறு பெயரில் புதிய கருவியாகத் தெரிந்தது. பழைய பெயரில் எழுத முயன்ற நகல் எல்லாம் வெற்றிடத்தில் போயிருந்தது. ரூட்டரும் டிஸ்கும் சேர்ந்து அணைந்திருந்தால் இதைவிடக் குறைவாகவே இழந்திருப்பேன். ரூட்டரை யூபிஎஸ்ஸில் வைத்துவிட்டு டிஸ்கை அதற்கு வெளியே வைப்பது, இரண்டையும் வெளியே வைப்பதைவிட ஆபத்தானது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

மினி யூபிஎஸ் வாங்குபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. பெட்டியில் 8,800 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருப்பது உள்ளே உள்ள மின்கலத்தின் 3.7 வோல்ட் கணக்கு. ரூட்டர் எடுக்கும் 12 வோல்ட் கணக்கு அன்று. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 32 வாட்-மணிதான். மாற்றத்தில் இழப்பதைக் கழித்தால், ஒன்பது வாட் எடுக்கும் ரூட்டரும் எஸ்எஸ்டியும் மூன்று மணி நேரம் தாங்கும். நான்கு மணி நேர வெட்டுக்கு இது போதாது என்றாலும், தாங்கும் நேரம் வரை எல்லாம் ஒன்றாக ஓடி ஒன்றாக அணைகின்றன. அதுதான் எனக்கு வேண்டியது.

நான்காவது கருவிதான் இப்போது ரூட்டரில் இருக்கிறது. பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய 240 ஜிபி சாட்டா இணைப்பு வகை எஸ்எஸ்டி, ஒரு மலிவான யூஎஸ்பி உறையில். சுழலும் பகுதி எதுவும் இல்லாததால் தொடக்க மின்சாரச் சிக்கல் இல்லை. ரூட்டரின் துளையே போதுமானதாக இருக்கிறது. சூடாவதும் குறைவு. எக்ஸ்ட்4இல் ஃபார்மட் செய்திருக்கிறேன். படிக்கும் வேகம் நொடிக்கு 18 எம்பி அளவில் நிற்கிறது. அது எஸ்எஸ்டியின் எல்லை அன்று, ரூட்டரின் செயலியின் எல்லை. தொலைக்காட்சியில் ஒருவர் படம் பார்க்க, இன்னொருவர் கைப்பேசியில் பாட்டுக் கேட்க இது தாராளம். இதே எஸ்எஸ்டியை என்டிஎஃப்எஸ்ஸில் வைத்துப் பார்த்தபோது, என்டிஎஃப்எஸ்-3ஜி இயக்கியின் வழியே எழுதும் வேகம் நொடிக்கு 6 எம்பிக்கு இறங்கிவிட்டது. அந்த இயக்கி கருவுக்கு வெளியே ஓடுவதால் ஒவ்வொரு துண்டுக்கும் செயலி இரட்டை வேலை செய்கிறது. லினக்ஸ் 5.15இல் சேர்ந்த என்டிஎஃப்எஸ்3 என்ற புதிய இயக்கி இதைவிட வேகமானது. என்டிஎஃப்எஸ்ஸையே பயன்படுத்தியாக வேண்டியவர்கள் தங்கள் ரூட்டரில் அது உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஸ்எஸ்டியையும் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். எந்தத் தரவு எந்தச் சில்லில் உள்ளது என்ற வரைபடத்தை அது உள்ளுக்குள் வைத்துக்கொள்கிறது; திடீர் மின்வெட்டில் அந்த வரைபடமே கெடலாம். பெரிய சர்வர்களுக்கான எஸ்எஸ்டிகளில் இதைத் தடுக்கவே மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். வீட்டு எஸ்எஸ்டியில் அநேகமாக இருப்பதில்லை. ஆகவே எஸ்எஸ்டி வாங்கும் பணத்தோடு மினி யூபிஎஸ்ஸின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். விலைகளை நான் இங்கே குறிப்பிடவில்லை; நான் எழுதி முடிப்பதற்குள் அவை மாறிவிடுகிற ஊர் இது.

எக்ஸ்ட்4இல் மூன்று சிறு விஷயங்கள் கவனத்துக்குரியவை. ஃபார்மட் செய்யும்போது மொத்தக் கொள்ளளவில் 5 விழுக்காட்டை நிர்வாகிக்கு என்று அது ஒதுக்கி வைத்துவிடும். 240 ஜிபியில் அது 12 ஜிபி. இயங்குதளம் தங்கும் டிஸ்குக்கு அந்த ஒதுக்கீடு தேவை. பாட்டும் படமும் வைக்கும் டிஸ்குக்குத் தேவையில்லை. ட்யூன்2எஃப்எஸ் கட்டளையால் அதைச் சுழியாக்கிவிடலாம். இரண்டாவது, கழற்றிக்கொண்டு போய் விண்டோஸ் கணினியில் செருகினால், ‘இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா?’ என்று அது கேட்கும். பதறிப்போய் ‘ஆம்’ என்று அழுத்திவிடக் கூடாது. என் மைத்துனர் அழுத்தப் போன விரலை நான் பிடித்து நிறுத்தினேன்.

மூன்றாவது நம் மொழியோடு தொடர்புடையது, ஆங்கிலத்தில் எழுதப்படும் வழிகாட்டிகளில் அநேகமாகக் காணக் கிடைக்காதது. எக்ஸ்ட்4இல் ஒரு கோப்புப் பெயரின் உச்ச நீளம் 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். எழுத்துகளைக் கணினியில் எண்களாக வைக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். அதிலும் மெய்யும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறியீடுகளால் ஆனவை. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கே 15 பைட் ஆகிறது. அந்தக் கணக்கில் பதினேழு ‘தமிழ்’ எழுதினால் பெயர் நிரம்பிவிடும். என் சித்தப்பாவோ வீடியோவின் பெயரிலேயே மணமக்கள், பெற்றோர், மண்டபம், நாள், முகூர்த்தம் எல்லாவற்றையும் எழுதும் பழக்கம் உள்ளவர். என்டிஎஃப்எஸ்ஸில் எண்ணுவது பைட்டை அன்று, குறியீட்டை என்பதால் அங்கே அவை இடம் பெற்றன. எக்ஸ்ட்4க்கு நகல் எடுத்தபோது, பெயர் மிக நீளம் என்று அத்தகைய கோப்புகள் மட்டும் நின்றுவிட்டன. சுருக்கிப் பெயரிட்டு நகல் எடுத்தேன்; சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பெயர்களைப் பற்றியே இன்னொன்று. பழைய ஃபேட்32 கருவியில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், கோப்புகள் கெட்டுவிட்டன என்று அஞ்ச வேண்டாம். ரூட்டர் அதை இணைக்கும்போது யூடிஎஃப்-8 என்று அமைப்பில் குறிப்பிட்டால் சரியாகிவிடும். பர்மியப் பெயர்கள் மட்டும் எழுத்து இடம் மாறிக் குழம்பித் தெரிந்தால் அது ரூட்டரின் குற்றமே அன்று. 2019 அக்டோபர் 1இல் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறுவதற்கு முன் ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருக் குறியாக்கத்தில் பெயரிடப்பட்டவை அவை; பெயரை மாற்றி எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

ரூட்டரின் சொந்த ஃபர்ம்வேரையே வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தடை வரக்கூடும். வீட்டு வலையமைப்பில் கோப்புகளைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பை மட்டுமே அறிந்த பழைய ரூட்டர்களின் பகிர்வு, இன்றைய விண்டோஸில் தெரியாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் உலகெங்கும் பரவியது. அந்த ஆண்டின் இலையுதிர்காலப் பதிப்பு முதல் விண்டோஸ் 10 அதை இயல்பாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. ‘ரூட்டர் பழுது’ என்று கடைக்கு எடுத்துப் போகும் முன் இதைப் பார்க்கலாம். விண்டோஸில் பழைய பதிப்பை மீண்டும் இயக்கும்படி பலர் ஆலோசனை சொல்வார்கள்; நான் சொல்ல மாட்டேன். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க முடியாவிட்டால் கோப்புகளை அனுப்பிப் பெறும் எஃப்டிபி வழியாகவோ, படமும் பாட்டும் தொலைக்காட்சிக்குத் தரும் டிஎல்என்ஏ வழியாகவோ பயன்படுத்திக்கொள்ளலாம்.

அந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க் வீணாகவில்லை. அது அலமாரியில், துணி சுற்றி, காப்புப் பிரதியாக இருக்கிறது. சனிக்கிழமை தோறும் மடிக்கணினியில் செருகி, எஸ்எஸ்டியில் புதிதாகச் சேர்ந்ததை அதில் நகல் எடுக்கிறேன். அதை மட்டும் என்டிஎஃப்எஸ்ஸில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதைக் கடன் வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் விண்டோஸ் வைத்திருக்கிறார்கள். ஊர் ஊராகப் போகும் டிஸ்குக்கு எல்லோரும் படிக்கும் முறைமை. ரூட்டரை விட்டு நகராத டிஸ்குக்கு ரூட்டரின் தாய்மொழியான எக்ஸ்ட்4. ஒருமுறை திரும்பி வந்த டிஸ்க் படிக்க மட்டும் என்று பிடிவாதம் பிடித்தது; கணினியை ‘விரைவுத் துவக்க’ முறையில் அரைத் தூக்கத்தில் அணைத்துவிட்டுக் கழற்றியிருந்தார்கள். அதே கணினியில் செருகி முறையாக வெளியேற்றியதும் சரியானது.

புதிய ரூட்டர் வாங்கப் போகும் மைத்துனர், யூஎஸ்பி 3.0 துளை உள்ளதையே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். டிஸ்கின் மின்தேவைக்காக வாங்கலாம். ஆனால் யூஎஸ்பி 3.0இன் சமிக்ஞை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆய்வறிக்கையில் காட்டியிருக்கிறது. டிஸ்கைச் செருகிய பின் அடுத்த அறையில் வைஃபை தளர்ந்தால், ரூட்டரின் அமைப்பில் அந்தத் துளையை யூஎஸ்பி 2.0 முறைக்கு இறக்கும் தெரிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் அலை கசியாத நல்ல உறையுள்ள குட்டை யூஎஸ்பி கம்பி ஒன்றைப் போட்டு, டிஸ்கை ரூட்டரின் ஆன்டெனாக்களிலிருந்து அரை அடியாவது தள்ளி வைக்க வேண்டும். அந்தக் கம்பியை நான் அந்த அண்ணன் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் கயிற்றில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்.